பாஸண்ணன் கேட்ட கேள்வி

வண்டியைக் கொண்டுபோய் விட்டால் அவர் முதலில் சாவியை வாங்கமாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். டயரைப் பார்ப்பார், குனிந்து அடியில் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து நம் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"கடைசியா யாரு கை வச்சது?"

அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டி கெட்டுப்போய், மழையில் நனைந்து, வயிறெரிந்து வந்து நிற்கிற மனுஷியிடம் கேட்கிற கேள்வியா இது? பொலிஸ்காரன்கூட முதலில் பெயரைக் கேட்பான்.

அக்கரப்பத்தனை டவுனுக்குக் கீழே, ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அவர் வண்டி பழுதுபார்க்கிற தகரக் கொட்டகை. கைத்தொழில்காரரை எங்கள் பக்கம் 'பாஸ்' என்பார்கள், தமிழர், சிங்களவர் எல்லாருக்கும் அவர் 'பாஸ்'. நாங்கள் பாஸண்ணன் என்போம். மாதா கோவில் பதிவேட்டில் அவருக்கு நீளமான ஒரு வேதக்காரப் பெயர் உண்டு. அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால், எந்த ஊரில் இருந்தாலும் போன் போட்டு, "என்னைப் பத்தி எழுதச் சொல்லி உங்க கையில பேனா குடுத்தது யாரு தங்கச்சி?" என்று கேட்பார். கேட்கக்கூடியவர்தான்.

ஒல்லியான ஆள். ஐம்பத்தைந்து வயதிருக்கும் அப்போது. வெயிலோ பனியோ, தலையில் கம்பளித் தொப்பி. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் கம்பி இல்லை, நூல் கட்டியிருப்பார். சவர்க்காரத் தூளில் மரத்தூளைக் கலந்து தேய்த்துத் தேய்த்து அவர் கை எப்போதும் எங்கள் கையைவிடச் சுத்தமாக இருக்கும். பேச்சு குறைவு. அந்தக் குறைந்த பேச்சிலும் பாதி இந்தக் கேள்விதான்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருமுறை தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். பாஸண்ணன் வழக்கம்போல் கேட்டார். கணக்கப்பிள்ளை, "யாரு வைப்பா? நான்தான் ஓட்டுறேன். சும்மா நிப்பாட்டுன எடத்துலயே கெட்டுப்போச்சு" என்றார்.

"சும்மா நிப்பாட்டுன வண்டி கிளட்ச் கம்பியை அத்துக்காதுங்களே."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்பிடிச் சொல்லலீங்க. கடைசியா யாரு கை வச்சதுன்னுதான் கேட்டேன்."

கணக்கப்பிள்ளைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நூறு பேரை அதட்டுகிறவர், ஒரு தகரக் கொட்டகையில் நின்று பதில் சொல்வாரா? சைக்கிளைத் திரும்பத் தள்ளிக்கொண்டே போனார். இரண்டு நாள் கழித்து வந்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "மருமகன் எடுத்துட்டுப் போயிருக்கான் பாஸ்" என்றார். பாஸண்ணன், "அப்ப சரிங்க" என்று சொல்லி ஸ்பேனரை எடுத்தார். வேறொரு வார்த்தை பேசவில்லை. கேலி செய்யவில்லை. பதில் கிடைத்தால் போதும், அந்த விஷயம் அவருக்கு அங்கேயே முடிந்துவிடும்.

மாதா திருநாளுக்குக் கோவில் அலங்காரச் சோடனை விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துபோன கதையும் உண்டு. நான் சைவக்காரி என்றாலும் திருநாளுக்குப் போவேன், பலகாரம் நன்றாக இருக்கும். சபையே இருட்டில் நிற்க, இவர் நேராகச் சுவாமியாரிடம் போய், "சுவாமி, கடைசியா யாரு கை வச்சது?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான்தான்பா, சுடுதண்ணி வைக்கிற கரண்ட் கேத்தலைச் செருகினேன்" என்றார். கேத்தலைக் கழற்றி, விழுந்திருந்த சுவிட்சைத் தூக்கிவிட்டதும் மாதா முகத்தில் வெளிச்சம் வந்தது. ஜனங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! இவர் மட்டும் சிரிக்காமல் தன் வாங்குப் பலகையில் போய் முழங்காலிட்டார்.

வீட்டிலும் இதே கதைதானாம். அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். குழம்பில் உப்புக் கூடிவிட்டால், "கடைசியா யாரு கை வச்சது?" "நீங்கதான். நான் தண்ணிக்குப் போனப்ப ஒரு கை உப்பு போடச் சொன்னேன்ல?" "அப்ப சரி." அந்தக் குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போவாராம். "இந்த மனுசனோட சண்டை பிடிக்கவும் முடியாது" என்று அந்த அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நான் வேன் ஓட்டுகிறவள். வீட்டுக்காரர் கத்தாருக்குப் போனபிறகு வண்டி எங்கள் தோட்டத்து லயன் வீட்டு முற்றத்தில் சும்மா நின்றது. ஒரு டிரைவரைப் போட்டோம், அவன் வண்டியை ஓட்டியதைவிட வெற்றிலை துப்பிய நேரம்தான் அதிகம். போதுமடா சாமி என்று நானே லைசன்ஸ் எடுத்தேன். டீசல் வேன், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போ உள்ளது, ஏற்றத்தில் விசிலடித்துக்கொண்டே ஏறும். மேல் டிவிசன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவதுதான் தொழில். ஆரம்பத்தில் ஊர் என்ன பேசியது தெரியுமா? "பொம்பளை ஸ்டியரிங் பிடிச்சா பிள்ளைங்க வீடு வந்து சேர்ந்த மாதிரிதான்." என் காதுபடவே சொன்னார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், நானும் சும்மா விடவில்லை. மூன்று வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிக் காட்டினேன். "என் வண்டியில என்னைத் தவிர ஒருத்தர் கை வைக்க முடியாது" என்று டவுன் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டேன்.

அந்த வருஷம் என் மகள் உயர்தரப் பரீட்சை எழுதவேண்டியவள். அவளோடு எங்கள் மேல் டிவிசனிலிருந்தும் பக்கத்து டிவிசனிலிருந்தும் இன்னும் பத்துப் பிள்ளைகள். பரீட்சை மண்டபம் தலவாக்கலையில். காலை பஸ் மழைக்காலத்தில் வரும் என்றும் சொல்லமுடியாது, வராது என்றும் சொல்லமுடியாது. ஆகவே பதினொரு பிள்ளைகளுக்கும் என் வேன்தான். கொழுந்து பறிக்கிற தாய்மார் என் கையைப் பிடித்து, "ஒன்னைத்தான் நம்பியிருக்கோம்" என்று சொல்லியிருந்தார்கள்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது நடந்தது. எங்கள் டிவிசனிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு ஏற்றம் உண்டு, நடுவில் கூர்மையான வளைவு. ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. டியூஷனுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறேன், வளைவில் எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. கருகிய வாடை. பிறகு மெல்லப் பின்னால் வழுக்கத் தொடங்கியது. பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை ஒடித்து, மேட்டுப் பக்கம் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் பின் சக்கரத்தை இறக்கினேன். யாருக்கும் ஒன்றுமில்லை.

டவுனில் கராஜ் வைத்திருக்கிற ஒரு தம்பி பார்த்தான். எஞ்சினுக்குள் சுற்றுகிற பெரிய தண்டு கிராங்க். அது வெளியே வந்து கிளட்சைச் சேரும் இடத்தில், எண்ணெய் தாண்டி வராமல் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், ஆயில் சீல் என்பார்கள். அது கசிந்து கிளட்ச் தட்டெல்லாம் எண்ணெய். எண்ணெய் பட்ட தட்டு பிடிக்காது, வழுக்கும். சீலையும் தட்டையும் புதிதாய்ப் போட்டுக் கொடுத்தான். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பரீட்சை திங்கட்கிழமை, அதற்கு முந்திய வெள்ளி பின்னேரம் வண்டிக்கடியில் திரும்பவும் எண்ணெய்ச் சொட்டு. ஏற்றத்தில் திரும்பவும் அதே கருகல் வாடை.

நேரே அந்தத் தம்பியின் கராஜுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்ட் முழுக்க வேடிக்கை பார்க்க, நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "பச்சப் புள்ளைங்க போற வண்டிக்கு டூப்ளிகேட் சாமான் போட்டிருக்கியே, நீ நல்லா இருப்பியா?" என்றேன். அவன், "ஒரிஜினல்தான்கா போட்டேன்" என்று மட்டும் சொன்னான். அதற்கும் பேசினேன்.

சனிக்கிழமை காலை, பாலத்துக்குக் கீழே பாஸண்ணன் கொட்டகையில் வண்டியை இறக்கினேன். கையைப் பின்னால் கட்டினார். ஒரு சுற்று வந்தார்.

"கடைசியா யாரு கை வச்சது தங்கச்சி?"

"டவுன்காரன்தான் அண்ணே. ஏமாத்திட்டான்."

"அதுக்கு முன்னாடி?"

"யாரும் இல்ல."

"நீங்க?"

"நான் ஓட்டுறதோட சரி. நான் என்னத்த கை வைக்கப் போறேன்?"

தலையை ஆட்டினார். மத்தியானத்துக்குள் கியர் பொட்டியை இறக்கி, கிளட்சைக் கழற்றி, பின்னாலிருந்த சீலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க. ரப்பர் புதுசு. தண்டுல உரசுற உதடு தேயல. நல்ல சாமான்தான், அந்தத் தம்பி ஒழுங்காத்தான் போட்டிருக்கான். ஆனா உக்கார வச்ச எடத்தை விட்டு வெளிய வந்திருக்கு. உள்ள இருந்து என்னமோ தள்ளியிருக்கு."

"தள்ளுறதுன்னா?"

"எஞ்சினுக்கும் மூச்சு விடணும் தங்கச்சி. டர்போ வண்டின்னா இன்னும் கூட. உள்ள சேர்ற காத்து வெளிய போக ஒரு மூச்சுக்குழாய் இருக்கு. அது அடைச்சுக்கிட்டா அமுக்கம் உள்ளயே நிக்கும். எந்த எடம் இளக்கமோ அந்த எடத்தைத் தள்ளிக்கிட்டு வரும். மொதல் சீலும் இப்பிடித்தான் போயிருக்கும். நான் சாப்பிட்டு வந்து அந்தக் குழாயைப் பாக்குறேன்."

அவர் பின்னாலிருந்த வீட்டுக்குப் போனார். நான் அப்படியே நின்றேன்.

ஆயுதபூசை. எங்கள் பக்கம் ஆயுதபூசைக்கு வண்டியைக் கல்யாணப் பெண் மாதிரி ஆக்காமல் விடமாட்டோம். வண்டி முதல் தடவை வழுக்கியதற்குச் சில நாள் முன்புதான் பூசை வந்தது. அதற்கு முந்திய நாள் தண்ணீர் பீய்ச்சும் மெஷினை இரவல் வாங்கி, வண்டியின் அடிவயிறு வரைக்கும் கழுவினேன். கழுவும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடக்கூடாதே என்று, அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ரப்பர்க் குழாய் வாய்க்குள் துணியைச் சுருட்டி, குச்சியால் நன்றாகக் குத்தி ஏற்றினேன். மகளுடைய பழைய பள்ளிக்கூடச் சட்டையின் கை அது. கழுவி முடிந்ததும் எடுக்கத்தான் நினைத்தேன். அதற்குள் பூசாரி வந்துவிட்டார், சந்தனம், குங்குமம், மாலை, தேசிக்காய் என்று ஓடியதில் துணி நினைவே இல்லை. துணியோடுதான் பூசை நடந்தது. துணியோடுதான் இத்தனை நாளும் ஏற்றம் ஏறியிருக்கிறேன்.

அப்போதே வீட்டுப் பக்கம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டவுன் நடுவில் நின்று அந்தத் தம்பியைக் கிழித்தவள் நான். என் வண்டியில் வேறு யாரும் கை வைக்க முடியாது என்று பீற்றியவள் நான். வெளியே தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? பொம்பளைக்கு எதுக்கு வண்டி என்று சொல்லும். மூன்று வருஷம் சேர்த்த பேர் மூன்று நிமிஷத்தில் போகும். மேசையில் கிடந்த நீட்டு மூக்குக் குறட்டை எடுத்தேன். சாக்கில் மல்லாந்து படுத்து, குழாய்க்குள் விட்டுத் துழாவி, துணியைப் பிடித்து இழுத்தேன். கரேலென்று எண்ணெயில் ஊறி வந்தது. ஜெர்சி பொக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு எழுந்தேன். அவ்வளவுதான், முடிந்தது, இனி புது சீலைப் போட்டால் வண்டி ஓடும், ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்தேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்!

அவர் வந்தார். நேரே அந்தக் குழாயில் வாயை வைத்து ஊதினார். முகம் மாறியது.

"மூச்சு நல்லாத்தானே போகுது" என்றார்.

திரும்ப ஊதினார். குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பழைய சீலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொக்கெட்டில் எண்ணெய் ஊறி வெளியே தெரியத் தொடங்கியது. அதன்மேல் கையை வைத்து மறைத்தேன்.

"குளிருதா தங்கச்சி? அடுப்படியில போய் உக்காருங்களேன்" என்றார்.

"இல்லண்ணே."

கடைசியில் எழுந்தார். "எனக்குப் புரியல" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. "குழாய் சுத்தம். அப்ப அமுக்கம் வேற எங்கிட்டோ இருந்து வருது. டர்போ உள்ளுக்கு ஒடஞ்சிருக்கணும். இல்லாட்டி பிஸ்டன் போயிருக்கணும். ஏத்தத்துல மட்டும் காட்டுற சீக்கு. எல்லாத்தையும் தொறந்து பாக்கணும். ஒரு வாரம் ஆகும்."

"திங்கக்கெழம பரீட்சை அண்ணே!"

"தெரியும்."

"சீலை மட்டும் போட்டுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"என்னத்த பாத்துக்குவீங்க? பதினொரு பிள்ளைங்க. அந்த வளைவுல திரும்ப வழுக்கி, இந்தத் தடவ சரிவுப் பக்கம் போனா?"

"போகாதுண்ணே. இனி வழுக்காது."

"எப்பிடித் தெரியும்?"

வாய் நீளம் என்று சொன்னேனே, அந்த வாய் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தபடியே போனை எடுத்து, வேன் வைத்திருக்கிற ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லா வேனும் வேறு பிள்ளைகளுக்குப் பேசியாகிவிட்டது. லொறிக்காரர் ஒருவரைக்கூடக் கேட்டார், இல்லை. போனை வைத்துவிட்டு, "மாதாவே" என்று பெருமூச்சு விட்டு, டர்போவின் முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். துருப்பிடித்த போல்ட். ஒருமுறை உடைந்தால் அப்புறம் அந்த எஞ்சினைத் திங்கட்கிழமைக்குள் யாராலும் மூடமுடியாது. அவர் கை அமுக்கத் தொடங்கியது.

"அண்ணே, விடுங்க!" என்று கத்திவிட்டேன்.

திரும்பிப் பார்த்தார்.

"நான்தான். நான்தான் கை வச்சேன்."

பொக்கெட்டிலிருந்து அந்தக் கறுப்புச் சுருளை எடுத்து நீட்டினேன். அழுகையும் வந்தது. ஆயுதபூசை, தண்ணீர் மெஷின், குச்சி, மூக்குக் குறடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் துணியை வாங்கி விரித்தார். சட்டைக் கை, ஓரத்தில் பொத்தான் வேறு இருந்தது. எனக்கு விழப்போகிற திட்டுக்காகக் காத்து நின்றேன்.

அவர் அப்படியே பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"அப்பாடா!" என்றார். "துணியா? துணிதானா? நான் பிஸ்டன் போயிருச்சுன்னே முடிவு பண்ணிட்டேனே!" பிறகு சிரித்தார். திருநாள் இருட்டில்கூடச் சிரிக்காத மனிதர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தம் கேட்டு அவர் மனைவி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"யார்கிட்டயும் சொல்லிறாதீங்க அண்ணே. பொம்பளை ஓட்டுனா இப்பிடித்தான்னு பேசுவாங்க."

"நான் ஏன் சொல்றேன்? ஆம்பளைங்க இதவிடக் கேவலமா எல்லாம் பண்ணிட்டு வந்து நின்னுருக்காங்க. அதெல்லாம் நான் சொல்லியிருக்கேனா?"

"நீங்க கேக்குற கேள்வியே திட்டுற மாதிரி இருக்கு. அதான் பயந்துட்டேன்."

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். இது அவருக்குப் புதுச் செய்தி போல. "திட்டுறதுக்கா தங்கச்சி கேக்குறேன்? எங்க இருந்து தொடங்கணும்னு தெரிய வேணாமா? நீங்க சொல்லலைன்னா நான் தப்பான எடத்துல இருந்து தொடங்குவேன். இப்ப பாருங்க, நல்ல டர்போவ ஒடைக்கப் பாத்தேன்."

இத்தனை வருஷமாக நாங்கள் எல்லாரும் அந்தக் கேள்விக்கு முகத்தைச் சுளித்திருக்கிறோம். கணக்கப்பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், நான் குறட்டைத் தூக்கினேன். மனுஷன் வழி கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

"ஒண்ணு மட்டும் செய்ங்க. அந்தத் தம்பிக்கு இப்பவே ஒரு போன் போடுங்க. அவனும் மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டு இருப்பான்" என்றார்.

போட்டேன். சொன்னேன். "நெசமாவாக்கா? நேத்துல இருந்து நான் சாப்பிடவே இல்லக்கா. என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு... துணியாக்கா?" என்றான். அவனும் சிரித்துவிட்டான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவன், "பாஸுக்குப் புது சீலும் தட்டும் வேணும்ல? நாளைக்கு நான் கொண்டாறேன்" என்று வைத்துவிட்டான்.

ஞாயிறு பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடே பாஸண்ணன் வந்தார். தம்பியும் மழையில் நனைந்து சாமான்களோடு வந்து சேர்ந்தான். நான் டார்ச் பிடித்தேன். தண்டைத் துடைத்து, நகத்தால் தடவி, பழைய சீல் உரசிய கோட்டைக் கண்டுபிடித்தார். புது சீலின் உதடு அந்தக் கோட்டில் படாமல் ஒரு மயிரிழை உள்ளே உட்காரவேண்டுமாம். விரல் நுனியால் உதட்டுக்கு எண்ணெய் தடவினார். புது சீல் மேல் பழைய சீலை வைத்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினார். ஒரு அடியும் பலமாக அடிக்கவில்லை. பின்னேரம் எல்லாம் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, என்னைக் கூப்பிட்டு அந்தக் குழாய் வாயில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். சூடான காற்று மெல்ல மெல்ல வந்து பட்டது.

"நல்லா மூச்சு விடுறா. கூட்டிட்டுப் போங்க" என்றார்.

திங்கட்கிழமை ஐந்தரைக்குப் பதினொரு பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். பனி மூடிக் கிடந்தது. மகள் முன் சீட்டில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் கியரில் ஏற்றத்தைத் தொடங்கினேன். இந்த ஏற்றத்தில் நடுவில் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் திரும்ப எடுப்பது கஷ்டம்.

வளைவில் லைட் வெளிச்சத்தில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் மேட்டில் சாய்த்திருந்தது. கிட்டப் போனதும்தான் முகம் தெரிந்தது. பாஸண்ணன். இரண்டு கையிலும் ஒரு பெரிய மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வண்டி பின்னால் வழுக்கினால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டை. கொட்டகையிலிருந்து இந்த வளைவு நாலு மைல். அந்தக் குளிரில் எத்தனை மணிக்குக் கிளம்பினாரோ! என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. அவர் தலையை வேகமாக ஆட்டி, நிறுத்தாதே, போ போ என்று முகவாயால் காட்டினார்.

போனேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்விளக்குச் சிவப்பில், கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வண்டிக்குப் பின்னாலேயே அவர் ஓட்டமும் நடையுமாக ஏறி வந்துகொண்டிருந்தார். புகையெல்லாம் அவர் முகத்தில்தான் அடித்திருக்கும். வண்டி வழுக்கவில்லை. கிளட்ச் பிடித்த பிடி விடவில்லை. டர்போ விசிலடித்தது. வளைவு தாண்டி, ஏற்றம் தாண்டி, மெயின் ரோட்டுச் சமதரையில் முன் சக்கரம் ஏறியதும் திரும்பவும் கண்ணாடியைப் பார்த்தேன். அவர் கட்டையை ரோட்டோரம் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.

"யாரும்மா அது?" என்றாள் மகள்.

"நம்ம பாஸண்ணன்."

"அவரு ஏன் இந்நேரத்துல இங்க நிக்கிறாரு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நெஞ்சிலிருந்து மூன்று வாரப் பாரம் ஒரேயடியாக இறங்கினால் வேறென்ன வரும்? மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலவாக்கலை ரோட்டில் ஓட்டினேன். பின் சீட்டுக்காரப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு அதில் ஒருத்தி எட்டி என் தோளைத் தட்டினாள்.

"அழாதீங்க அக்கா. நாங்க எல்லாரும் நல்லா எழுதிருவோம்" என்றாள்.